பாவ அறிக்கையின்போது தூக்கிய கைகள்: பெங்களூர்த் தமிழ்ச் சபை ஒன்றின் ஆராதனைப் பிணக்கு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் இது நடந்தது. அப்போது நான் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர். நடந்ததில் என் தவறும் உண்டு. அதை உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன். இதில் முக்கியமாக வருகிற நால்வரும் இதைப் படித்துவிட்டு, பெயர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதம் தந்தார்கள்.

எங்கள் சபையில் இரண்டு வகைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் படையோடு சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் வியாபாரிகளாகவும் வந்தவர்களின் வழியினர் ஒரு சாரார். ஐந்தாறு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் என்று வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், தமிழிலேயே ஜெபிப்பார்கள். ஆனால் நடுவயதிலும் அதற்குக் கீழும் உள்ள பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இதை நாங்கள் எல்லோரும் அறிந்துதான் இருந்தோம். அறிந்ததை ஆராதனையோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. இன்னொரு சாரார், ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை கிடைத்துத் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களிலிருந்து கடந்த இருபது ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்கள்.

ஆராதனை ஒழுங்கு புத்தகத்தில் உள்ளபடியே நடக்கும். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் பாட்டுகள், அவற்றின் புத்தகத்துக்கும் அதே பெயர்), கீர்த்தனை (தமிழ் இசையில் அமைந்த பாட்டு), மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. புதிதாக வந்தவர்களுக்கும் இந்தப் புத்தகம் அந்நியம் அல்ல. ஊரில் அவர்கள் வளர்ந்த சபையிலும் இதுதான். ஆனால் அவர்களில் பலர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் வளர்ந்தவர்கள். அங்கே கையைத் தூக்குவார்கள், தட்டுவார்கள், கண்ணீரோடு வாய்விட்டு ஜெபிப்பார்கள். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் பிரச்சினை இல்லாமல் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நகரத்துக்கு வந்த பிறகு வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஞாயிறு மட்டும் மிஞ்சியது. பிணக்கின் வேர் இதுதான் என்று இன்று தெரிகிறது.

அந்த ஞாயிறு

ஒரு ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. பாவ அறிக்கைக்கு முன் மௌனம். முழங்காலில் இருந்த ஒரு பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி, அழுதுகொண்டே "ஸ்தோத்திரம் அப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். வயது இருபத்தேழு. தூத்துக்குடிப் பக்கத்தவர், பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவர். எங்களிடம் வரத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. குரல் பெரிதாக இல்லை. ஆனால் மௌனத்தில் எல்லாம் கேட்கும்.

பின்வரிசையில் இருந்தவர் பெண்கள் ஐக்கியத்தில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்த ஒரு அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். சபையே அவரை ஆன்ட்டி என்று அழைக்கும். அவர் எட்டி அந்தப் பெண்ணின் முழங்கைக்கு மேல் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி, "இங்கே இப்படி வழக்கம் இல்லம்மா" என்றார். பெண்ணின் கை தானாக இறங்கவில்லை. இறக்கப்பட்டது. நான் அடுத்த வரிசையில் இருந்தேன், அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் திருவிருந்து வாங்காமல் வெளியேறினார்.

அன்று மாலைக்குள் இரண்டு சொற்கள் சபை முழுக்கப் பரவிவிட்டன. மூத்தவர்கள் பக்கத்திலிருந்து "நடிப்பு". வாலிபர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து "செத்த ஆராதனை". இரண்டும் ஒரே குற்றச்சாட்டு: எதிரில் இருப்பவன் உண்மையாகத் தொழவில்லை.

செத்த ஆராதனைக்குச் சாட்சியாக வாலிபர்கள் ஒருவரைக் காட்டினார்கள். பழைய குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதைக் கடந்த வாகன மெக்கானிக். எந்த ஞாயிறும் தவறமாட்டார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார், பாமாலையைத் திறந்து பிடித்திருப்பார், ஆனால் வாய் அசையாது. மறுமொழி சொல்ல மாட்டார், பாட மாட்டார். "உதடுகூட அசையாத விசுவாசம்" என்று குழுவில் ஒருவர் எழுதினார். எழுதியவர் நல்ல பையன். அதையும் சொல்ல வேண்டும்.

முதல் முடிவு

கமிட்டி அந்த வியாழக்கிழமை கூடியது. ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை. "ஆராதனை வேளையில் அனைவரும் ஒழுங்கையும் அமைதியையும் காத்து, பிறருக்கு இடையூறு இல்லாமல் தொழுதுகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு அறிவிப்பு. வாசகம் என்னுடையது. அடுத்த ஞாயிறு வாசித்தவனும் நான்தான்.

யாருடைய பெயரும் அதில் இல்லை என்பதால் அது நடுநிலையானது என்று நம்பினேன். கையைப் பிடித்து இறக்கிய செயலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அழுதவரைப் பற்றி மட்டுமே இருந்தது. அடுத்த மூன்று வாரத்தில் ஆறு வாலிபர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடக்கும் சுயாதீன சபைக்குப் போவதாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணும் வரவில்லை.

போதகர் ஐயா அந்த மாதம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளையிடம் யாராவது பேசினீர்களா?" யாரும் பேசியிருக்கவில்லை. ஆன்ட்டியிடமும் யாரும் பேசியிருக்கவில்லை.

வீடுகளில் கேட்டவை

ஐயாவும் நானும் இரண்டு வாரம் வீடு வீடாகப் போனோம். இந்த ஆய்வில் பிறருக்குப் பயன்படக்கூடியது பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தில் கிடைத்ததுதான்.

ஆன்ட்டியிடம் முதலில் போனோம். காபி கொடுத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். சர்க்கரை நோயாளி. ஒரு கூட்டத்தில் கையை உயர்த்திக் கதறி ஜெபித்து, சுகமாகிவிட்டதாக நம்பி, ஊசியை நிறுத்தினார். பிழைக்கவில்லை. "அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு அவன் ஞாபகம்தான் ஐயா வருகிறது. அந்தப் பிள்ளை கையைப் பிடித்தபோது அவன் கையைப் பிடித்ததுபோல் இருந்தது." முப்பது ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியாது.

அந்தப் பெண்ணை அவர் அலுவலகத்துக்கு அருகில் உள்ள ஒரு உணவகத்தில் சந்தித்தோம். அவருடைய தாய் உப்பளத் தொழிலாளி. பகல் முழுதும் வெயிலில் உப்பு வாரிவிட்டு, இரவில் பாயில் முழங்காலிட்டுக் கையை உயர்த்தி அழுவாராம். "அம்மா அழுது நான் பார்த்தது ஜெபத்தில் மட்டும்தான். நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். நடிப்பு என்று சொல்லிவிட்டார்களே" என்றார். கையைப் பிடித்தது அவருக்கு வலிக்கவில்லை. அந்தச் சொல்தான் வலித்தது. திருவிருந்து வாங்காமல் போனதை அவர் மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னார்.

மெக்கானிக்கின் பட்டறைக்கு ஒரு சாயங்காலம் போனோம். வாட்ஸ்அப்பில் எழுதப்பட்டதை அவருக்கும் யாரோ காட்டியிருந்தார்கள். கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. கையைத் துடைத்துவிட்டு, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து அந்தப் பாமாலையை எடுத்தார். காலமாகிவிட்ட அப்பாவின் புத்தகம். முதுகில் துணி ஒட்டித் தைத்தது. திறந்தபோது அது தானாக ஒரே பக்கத்தில் விரிந்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பழுத்திருந்தது, பாட்டின் எண்ணைச் சுற்றி அப்பாவின் பென்சில் வட்டம். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது ஐயா. கன்னட மீடியம். என்ன பாட்டு பாடினாலும் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருப்பேன். அப்பா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்."

பத்துப் பன்னிரண்டு கீர்த்தனைகள் அவருக்கு மனப்பாடம். அவை வரும் நாளில்கூட, நடுவில் சொல் தவறிவிடுமோ என்று பயந்து வாயைத் திறப்பதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பிய பிறகு சாமுவேலின் முதல் புத்தகத்தில் அன்னாளின் பகுதியை எடுத்து வாசித்தேன். உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபித்த பெண்ணைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் ஆசாரியன் ஏலி. அவள் சத்தமில்லாமல் ஜெபித்ததால் தவறாக எண்ணப்பட்டாள். எங்களிடம் ஒருத்தி சத்தமாக ஜெபித்ததால் தவறாக எண்ணப்பட்டாள். ஏலி குறைந்தபட்சம் அவளிடமே பேசினார். அவள் பதில் சொன்னதும் தன் சொல்லை விட்டுவிட்டு, சமாதானத்தோடு போகச் சொன்னார்.

மூன்று சனிக்கிழமைகள்

ஆகஸ்டில் மூன்று சனிக்கிழமை மாலைகளில் சபையாரைக் கூட்டினோம். ஐயா வைத்த விதி ஒன்றுதான்: எனக்கு ஜெபிக்க எது உதவுகிறது, எது தடையாகிறது என்று ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் பேசலாம். அடுத்தவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது. முதல் நாளே இரண்டு முறை விதி மீறப்பட்டது. இரண்டு முறையும் ஐயா நிறுத்தினார்.

விதிக்குக் காரணம் எளிது. பாட்டு எது, சத்தம் எவ்வளவு என்பதைக் கூடிப் பேசித் தீர்க்கலாம். ஒருவன் உண்மையாகத் தொழுகிறானா என்பதை எந்தக் கமிட்டியும் தீர்க்க முடியாது. நாங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தோம்.

இரண்டாம் சனிக்கிழமை ஐயா கொஞ்சம் வரலாறு சொன்னார். முழங்கால்படியிடுவதுதான் பழைய, சரியான முறை என்று மூத்தவர்கள் எண்ணியிருந்தோம். ஆனால் 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று விதித்தது. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் வரைந்த ஜெப உருவங்கள் கைகளை உயர்த்தித்தான் நிற்கின்றன. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஒன்றாக இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெவ்வேறு விதமாகத் தொழுத பழக்கங்கள் ஒரே கூரைக்குள் வந்தன. 1950இல் வந்த திருவிருந்து ஒழுங்கில் ஒருவர் கைகளை மற்றவர் கைகளுக்குள் வைத்துச் சமாதானம் கூறும் வழக்கம் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து எடுத்தது. அதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, பக்கத்தில் இருப்பவர் கையைத் தொடுவதா என்று தன் அம்மா முதலில் மறுத்ததை நினைவுகூர்ந்தார். இன்று அதுதான் எங்கள் "பழைய வழக்கம்".

எழுபதைக் கடந்த பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் எழுந்து, மரபைக் காப்பதும் பக்திதான் என்றார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), தமிழ் இசையை ஆராதனையிலிருந்து விலக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து நின்றதை எடுத்துக்காட்டினார். சரியான எடுத்துக்காட்டு. அந்த எதிர்ப்பு இல்லாமல் எங்கள் கீர்த்தனைகளை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அதே போராட்டத்தில் கோவிலுக்குள் சாதி வேறுபாட்டைக் காக்கவும் சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் வாதாடினார்கள் என்பதை ஐயா சேர்த்துச் சொன்னார். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. வழக்கம் என்றோ மனச்சாட்சி என்றோ பெயர் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. அடுத்தவனைத் தாழ்த்தும் வழக்கம் வேறு, பாட்டு வேறு.

மூன்றாம் சனிக்கிழமை நடைமுறைப் பேச்சு. காதுக்கருவி அணிந்த ஒருவர், டிரம்ஸும் கீபோர்டும் ஸ்பீக்கரில் சேர்ந்து வந்தால் தனக்குச் சொற்களே கேட்பதில்லை, வெறும் இரைச்சல்தான் என்றார். மகனைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆன ஒரு தகப்பன், அந்த மௌனம்தான் தன் வாரத்தில் தான் மூச்சுவிடும் நேரம் என்றார். டிரம்ஸ் வாசிக்கும் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாளே தன் மைக்கைக் கழற்றிவிட்டான், யாரும் சொல்லாமல்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மற்றவருக்குக் கண்ணில் மட்டும் படுவதையும் காதில் விழுவதையும் நாங்கள் பிரித்தோம். கண்ணில் படுவது அவரவர் விருப்பம்: நிற்கலாம், முழங்காலிடலாம், கையை உயர்த்தலாம், முக்காடு போடலாம், போடாமலும் இருக்கலாம். பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்தால் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். காதில் விழுவது அப்படியல்ல. ஒருவருடைய குரல் இன்னொருவருடைய மௌனத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே சத்தத்துக்கு மட்டும் இடமும் நேரமும் வகுத்தோம்.

பாவ அறிக்கைக்கு முன் மௌனம் எல்லோருக்கும் மௌனம். இதை முடிவெடுக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது: புத்தகத்தில் மௌனம் என்று இருந்தாலும், நாங்கள் பத்து வினாடிக்குமேல் அதைக் கொடுத்ததே இல்லை. அந்தப் பெண் உடைத்ததாகச் சொன்ன மௌனத்தை நாங்களே கடைப்பிடித்திருக்கவில்லை. இரண்டு நிமிடம் என்று வைத்தோம். ஆராதனைக்கு முன் அரைமணி நேரம் கோவில் திறந்திருக்கும். வாய்விட்டு ஜெபிக்க விரும்புகிறவர்கள் கூடலாம். மன்றாட்டு ஜெபத்தில் சபையார் தங்கள் குரலில் சேர்ந்துகொள்ள இடம் விடப்பட்டது. பாடல்களில் கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் முதலிடம், காணிக்கை வேளையில் ஒரு புதிய பாட்டு. டிரம்ஸுக்கு மைக் இல்லை.

யாரும் யாரையும் தொட்டுத் திருத்தக் கூடாது. இதை எழுதி வைத்தோம். ஒழுங்கையும் பாடல்களையும் கன்னட எழுத்தில் அச்சிட்ட தாளாகவும் கொடுப்பது என்பது கடைசி முடிவு. சொல் தமிழ்தான், எழுத்து மட்டும் கன்னடம். இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். தமிழ்க் கோவிலில் கன்னட எழுத்தா என்ற வருத்தம் அவர்களுக்கு. எனக்கும் தமிழ் எழுத்தின்மேல் பற்று உண்டு. ஆனாலும் வாயைத் திறக்க முடியாமல் ஒருவர் வாரம் தோறும் தூண் ஓரத்தில் நின்றதைப் பார்த்த பிறகு இதற்கு ஆதரவாகவே கை தூக்கினேன்.

அறிவிப்பை எழுதியதற்காகச் செப்டம்பர் முதல் ஞாயிறு, அதே இடத்தில் நின்று, சபையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பின்பு நடந்தவை

ஆன்ட்டி அந்தப் பெண்ணைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நாங்கள் யாரும் போகவில்லை. என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். தம்பியைப் பற்றிச் சொன்னதாக மட்டும் ஆன்ட்டி பின்னர் தெரிவித்தார். அந்தப் பெண் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு எங்களிடம் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் மண்டபத்துச் சபைக்குப் போகிறார். கையை உயர்த்துகிறார். ஆன்ட்டி இப்போது பின்வரிசையில் இல்லை, அவர் பக்கத்திலேயே உட்காருகிறார். அந்தக் கைகளைப் பார்க்கத் தனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்கிறார்.

போன ஆறு பேரில் மூவர் திரும்பினார்கள். பாடகர் குழுப் பெரியவர் டிரம்ஸைத் தாங்க முடியாமல் வேறொரு கோவிலின் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டார். முப்பத்தெட்டு ஆண்டு பாடியவர். அவரை இழந்தது இந்த முடிவுகளின் விலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தக் குறிப்பின் முதல் படியில் "கோபித்துக்கொண்டு போனார்" என்று எழுதியிருந்தேன். "கோபம் இல்லை தம்பி, என்னால் அங்கே ஜெபிக்க முடியவில்லை" என்று திருத்தச் சொன்னார்.

உதடு அசையாத விசுவாசம் என்று எழுதிய பையன் பட்டறைக்கே போய் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டான். போனவனிடம் அவர் அவன் வண்டியின் பிரேக்கைக் காட்டச் சொல்லிச் சரிசெய்து அனுப்பினாராம்.

மறுபடி நேர்ந்தால்

அறிவிப்பு எழுத மாட்டேன். அந்த ஞாயிறே, பெண் வெளியேறிய உடனே, யாராவது ஒருவர் எழுந்து அவர் பின்னால் போயிருக்க வேண்டும். நானே போயிருக்கலாம், ஆராதனை நடுவில் எழுவது ஒழுங்கல்ல என்று உட்கார்ந்திருந்தேன்.

டிரம்ஸைப் பற்றி முடிவெடுக்குமுன் பெரியவரிடம் தனியாகப் பேசியிருப்பேன். மூன்று சனிக்கிழமையும் அவர் வந்தார், ஒருமுறைதான் பேசினார், அதுவும் வரலாற்றைப் பற்றி. தன் ஜெபத்தைப் பற்றிச் சொல்லும்படி நாங்கள் கேட்டும் அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் தன் உள்ளத்தைப் பேசுவதே அவருக்கு அந்நியம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. எங்கள் விதி வாய்விட்டுப் பேசுகிறவர்களுக்கே வசதியாக இருந்தது. அப்படிப்பட்டவர்களை வீட்டில்தான் கேட்க வேண்டும்.

எழுத்துப் பிரச்சினையை இந்தப் பிணக்கு இல்லாமலே கண்டிருக்க வேண்டும். இப்போது புதிதாகச் சேருகிறவர்களிடம் எந்த எழுத்தில் தாள் வேண்டும் என்று முதல் நாளே கேட்கிறோம். கன்னடத் தாளைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாங்கள் நினைத்ததைவிடப் பலர்.

பெரிய வெள்ளி ஒழுங்கு இன்னும் கன்னட எழுத்தில் தயாராகவில்லை, நீளமானது. அந்தத் தாள்களை மெக்கானிக்தான் பிழை பார்க்கிறார். சென்ற வாரம் பட்டறைக்குப் போனபோது விசுவாசப் பிரமாணத்தில் ஒரு இடத்தை எனக்குக் காட்டினார். இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் இல்லாததால் என்ன போடுவது என்று கேட்டார். ளகரத்தின் கீழ் ஒரு புள்ளி வைக்கலாம் என்று பேசி முடிவு செய்தோம். பிறகு அவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார், ழகரம் சரியாகவே வந்தது.